வினையைக் கேட்டு எழுவாயை அறிக



ஆங்கிலத்தில் எழுவாய் பன்மையாயின் வினையும் பன்மையாதல் வேண்டும் என்பது நீங்கள் அறியாத விதியன்று. ஆயினும், விதியை நன்கு ஒப்பிக்கும் மாணவரே எழுதும்போது தவறுவதைக் கடலூர், சிதம்பரம் வட்டாரப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டிருக்கிறேன். வேலைக்கு விடுக்கும் விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே இப்பிழை நேருமாயின், படிப்பவர் உங்கள் தகுதியையே ஐயுறக்கூடும். ஆகவே பிழையின் வேரைக் காண்போம்.

இவ்விதி நமக்குப் புதியதன்று. 'மாடு மேய்ந்தது', 'மாடுகள் மேய்ந்தன' என்பது தமிழ். 'மாடுகள் மேய்ந்தது' என எழுதினால் அதனைப் பால்வழு என்பர் இலக்கணம் கற்றோர். அப்படியிருக்க, ஆங்கிலத்தில் மட்டும் ஏன் தடுமாறுகிறோம்? சொற்கள் நிற்கும் வரிசை அங்கே வேறு.

வடலூர்ச் சத்திய ஞான சபை 1872-ஆம் ஆண்டு தைப்பூசத்தன்று திறக்கப்பெற்றது. அங்கே தைப்பூசத்தில் ஏழு திரைகளை நீக்கிச் சோதி காட்டுவதை நம் வட்டாரத்தார் அறிவர். 'ஏழு திரைகளுக்குப் பின்னுள்ள விளக்கு எரிகிறது' என்று சொல்லிப் பாருங்கள். தமிழில் அடைமொழி முன்னே வருகிறது. எழுவாயாகிய விளக்கு வினையை ஒட்டி நிற்கிறது. 'எரிகின்றன' என்று எவரும் சொல்லார்.

ஆங்கிலத்திலோ, 'தி லாம்ப் பிஹைண்ட் தி செவன் ஸ்கிரீன்ஸ்' என்று விளக்கு முதலில் வந்துவிடுகிறது; திரைகள் வினையின் பக்கத்தில் வந்து நிற்கின்றன. அருகிலுள்ள 'ஸ்கிரீன்ஸ்' என்னும் பன்மையால் மயங்கிக் கை 'ஆர் பர்னிங்' என்று எழுதிவிடுகிறது. 'இஸ் பர்னிங்' என்பதே சரி. 'ஒன் ஆஃப் தி பாய்ஸ்' என்பதற்கும் 'இஸ்' என்றே வரும்; அங்கே எழுவாய் 'ஒன்'.

இன்னொரு மயக்கமும் உண்டு. 'தி பாய் ரன்ஸ்', 'தி பாய்ஸ் ரன்' என்னும் இரண்டையும் நோக்குங்கள். பெயரின் இறுதியில் பன்மை காட்டும் 'எஸ்', நிகழ்கால வினையின் இறுதியில் படர்க்கை ஒருமையைக் காட்டுகிறது. 'எஸ்' ஒலியில் முடிந்தாலும் 'நியூஸ்' ஒருமையே. அவ்வொலி இல்லாத 'பீப்பிள்' பன்மை. நம் உம்மையைப் போல 'அண்ட்' இருவரைச் சேர்த்தால் வினை பன்மை பெறும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வினையிடமும் 'எரிவது எது? ஓடுவது யார்?' என்று வினவுங்கள். கிடைக்கும் விடையே எழுவாய். அதன் எண்ணை மட்டும் நோக்கி வினையை அமையுங்கள். இடையில் நிற்கும் பெயர்கள் எத்தனையாயினும் அவற்றைப் பொருட்படுத்த வேண்டா.