நுண்வாய்க்கால்களில் மின்புலம்

நோணாங்குப்பத்தை அடுத்துச் சுண்ணாம்பாறு கடலை நோக்கிச் செல்கின்றது. ஆண்டு உவர்நீரில் வாழும் மீன்கள் மிகுந்த உப்பைச் செவுளின் உயிரணுக்களிலுள்ள நுண்வாய்க்கால்கள் வாயிலாகவும் வெளியேற்றுகின்றன. நீர் நிறைந்த இவ்வாய்க்கால்கள் குறுகுமிடத்தில் ஒரு நானோமீட்டர், அஃதாவது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு, அகலமும் உடையன அல்ல. அவற்றுள் மின்புலம் இயங்குமாற்றை யாம் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

உப்பு நீரிற் கரையுங்கால் மின்னேற்றமுள்ள அயனிகளாகப் பிரியும். கடல்நீரில் ஒவ்வோர் அயனியையும் எதிரின அயனிகள் சூழ்தலின், அதன் மின்புலம் நானோமீட்டரின் மூன்றிலொரு பங்குத் தொலைவிலேயே பெரிதும் தளரும். நுண்வாய்க்காலிலோ அங்ஙனம் சூழ இடமில்லை. மேலும், மின்விசையைத் தளர்த்தும் ஆற்றல் நீருக்கு ஏறத்தாழ 80. புறத்தேயுள்ள கொழுப்புப் படலத்திற்கோ 2. ஆதலின் மின்புலம் கொழுப்பிற் பரவாது, கரைக்குள் அடங்கிய ஆறுபோல நீர்வழியே நீண்டு செல்லும். இங்ஙனம் ஒடுங்கிய புலத்தோடு உட்புக அயனிக்கு மிகுந்த ஆற்றல் வேண்டும்.

அவ்வாறாயின் அயனி புகுவது எங்ஙனம்? வாய்க்காற் சுவரிலுள்ள எதிர்மின் அணுக்கள் அதனை ஈர்த்துத் தாங்கும். பொட்டாசிய வாய்க்காலில் ஆக்ஸிஜன் அணுக்களே நீரின் இடத்தில் நின்று தாங்குதலை 1998-ல் ராடரிக் மக்கின்னன் குழுவினர் கண்டனர். அவர் 2003-ல் நோபெல் பரிசு பெற்றார்.

நம் நரம்பிலும் இதயத்திலும் இத்தகைய வாய்க்கால்கள் உள. 5 நானோமீட்டர்ப் படலத்தின் இருபுறமும் 70 மில்லிவோல்ட் வேறுபாடு நிற்பின், புலம் மீட்டருக்கு 1.4 கோடி வோல்ட் ஆம். காற்றிற் பொறி பறக்க 30 இலட்சமே போதும்! அப்புலம் மாறுங்கால் வாய்க்கால்கள் திறந்து மூடும். மாறாதொழியின் இதயம் துடியாது. சிருஷ்டிகர்த்தரின் ஞானம் அணுவளவினும் விளங்குதல் காண்க.