வண்டி வீடு வியர்க்கிறது!

உங்கள் பெண் கனடாவில் குடித்தனம் செய்கிறாளா? மாப்பிள்ளை ஆசையாக ஒரு காரவான் வண்டி வாங்கியிருக்கிறாரா? அப்படியானால் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காரவான் என்பது சக்கரத்தின் மேல் ஒரு சின்ன வீடு. அடுப்பு, கட்டில், மெத்தை, அலமாரி எல்லாம் உண்டு. கோடையில் குடும்பத்தோடு ஏரிக்கரைக்குப் போய் வருவார்கள். குளிர் வந்ததும் பூட்டி நிறுத்தினால், மறுபடி வசந்தத்தில்தான் திறப்பார்கள். திறந்தவுடன் சிலருக்குப் பகீரென்கிறது! மெத்தைக்கு அடியில் கறுப்புப் பூஞ்சை. திரைச்சீலையில் முடை நாற்றம். பலகை உப்பிக் கிடக்கிறது. "கூரை ஒழுகியிருக்கிறது" என்பார்கள். பல சமயங்களில் கூரை நிரபராதி.

குற்றவாளி உள்ளே அடைபட்ட காற்றுதான். ஐஸ் தண்ணீர் ஊற்றிய தம்ளர் வெளிப்புறம் வியர்க்கிறதல்லவா? அதே கதை. 20 டிகிரி செல்ஷியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. மிச்சம் கண்ணாடியிலும் சுவரிலும் மெத்தைக்கடியிலும் துளித்துளியாகப் படிகிறது. கடுங்குளிரில் உறைந்து ஒட்டிக்கொண்டு, வெயில் வந்ததும் உருகி ஊறுகிறது.

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டக் கூடாது. தொட்டியிலும் குழாயிலும் உள்ள தண்ணீரை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உறைந்து குழாயே வெடித்துவிடும். துண்டு, கம்பளி, தலையணைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். மெத்தையைச் சுவரில் ஒட்டாமல் நிமிர்த்தி வைக்கட்டும். அலமாரி, குளிர்பெட்டிக் கதவுகள் சற்றுத் திறந்தே இருக்கட்டும்.

இரண்டாவது, காற்றோட்டம். 'குளிர் புகுமே' என்று காற்றுத் துவாரங்களில் துணியைத் திணிப்பது தவறு. பூஞ்சைக்கு வேண்டியது ஈரம், குளிர் அல்ல. மேலே போர்த்துவதும் பிளாஸ்டிக் படுதாவாக இல்லாமல், காற்றுப் போய் வரும் உறையாக இருப்பது நல்லது. ஈரமில்லாத நாளில் ஒரு நடை போய்த் திறந்து பார்த்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு வரலாம்.

மூன்றாவது, கால்சியம் குளோரைடு. ஐப்பசி மழையில் நம் உப்பு ஜாடி நீர்த்துப்போகிறதே, அதே குணம் இதற்குப் பல மடங்கு உண்டு. காற்று எட்டாத மூலைகளில் டப்பாவில் வைத்தால் ஈரத்தை உறிஞ்சும். காற்றோட்டத்துக்கு இது துணைதான், மாற்று அல்ல. சேரும் நீரை அவ்வப்போது கொட்டிவிட வேண்டும். சிந்தினால் துணியும் உலோகமும் பாழ்.

ஒன்றை மட்டும் மறந்தும் செய்ய வேண்டாம். உலர வைக்கிறேன் என்று புகைபோக்கி இல்லாத காஸ் கணப்பை மூட்டக் கூடாது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிப்படும். அது போகட்டும், மூடிய வண்டியில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

'ஒரு மெத்தைக்கா இத்தனை பாடு?' என்கிறீர்களா? பூஞ்சைத் தூசு ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. வருகிற கோடையில் அந்த மெத்தையில் படுத்துத் தூங்கப்போவது உங்கள் பேரக்குழந்தை அல்லவா? அடுத்த தடவை பெண்ணோடு பேசும்போது, சமையல் குறிப்போடு இதையும் சொல்லி வையுங்கள்!