சந்தைக்கு ஒரு பை, மருந்துக்கு வேறு பை

தருமபுரி மாவட்டத்தில் சந்தைக்குச் செல்லும் விவசாயிகள் சிலர், பூச்சிமருந்துப் புட்டியையும் அரிசி, பருப்பு, தக்காளியையும் ஒரே பையில் வீட்டுக்குக் கொண்டு வருகின்றனர். இது பேராபத்து. 1958-ஆம் ஆண்டு கேரளத்தில், ஏற்றி வந்தபோது பாரத்தியான் மருந்து கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு 100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது.

எனவே மருந்து வாங்கி வர, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி ஒன்றைத் தனியே ஒதுக்குங்கள். உரச் சாக்கைத் தைத்த பையில் உணவுப் பொருள்களைப் போட வேண்டாம்.

உணவுக்குக் கெட்டியான காடாத் துணிப் பையே ஏற்றது. நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அப்பை வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது.

சுத்தம் செய்யும் முறை:

1. பையை உள்புறம் வெளியே திருப்பி, மூலைகளில் தங்கிய மாவையும் மண்ணையும் உதறவும். வண்டு அங்குதான் ஒளியும்.

2. சோப்புக் கலந்த வெந்நீரில் ஊறவைத்து, தையல்களைத் தேய்த்து அலசவும்.

3. நல்ல வெயிலில் காயவைக்கவும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

4. இறைச்சி, மீனுக்குத் தனிப் பை வைத்து, ஒவ்வொரு முறையும் துவைக்கவும்.

மருந்து சிந்திய துணிப் பையை எவ்வளவு துவைத்தாலும் நஞ்சு முழுவதும் போகாது. அதை எரிக்காமல், கிணற்றுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் எட்ட ஆழமாகப் புதைத்துவிடுங்கள். பை போனால் வேறு பை தைத்துக்கொள்ளலாம்.