நாற்பது நாள் கட்டிவைத்த குதிரை

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்துபோன மார்க்கோ போலோ, இங்கே குதிரைகள் பட்ட பாட்டைத் திகைப்போடு எழுதிவைத்திருக்கிறார். அரசன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைக் கடல் வழியாக வரவழைக்கிறான். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை, விற்கும் வணிகர்களும் குதிரை வைத்தியர்களை இந்தப் பக்கம் வரவிடுவதில்லை என்பது அவர் சொல்லும் காரணம். சில ஆண்டுகள் கழித்து எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் நுணுக்கமான செய்தி தருகிறார். வந்திறங்கிய குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையையும் வெண்ணெய் சேர்த்த தானியத்தையும் தின்னக் கொடுப்பார்களாம். காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைப்பார்களாம். கொழுக்க வேண்டும் என்று முளையடித்துக் கயிற்றால் பிணைத்து நாற்பது நாள் லாயத்திலேயே நிறுத்திவைப்பார்களாம். துடிப்போடு வந்த குதிரை கொஞ்ச நாளில் தளர்ந்து மந்தமாகிவிடும். எண்ணிக்கையில் வெளிநாட்டார் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் அந்த நாற்பது நாள் கணக்கை லேசில் ஒதுக்கிவிட முடியாது. பொன் கொடுத்து வாங்கிய குதிரையை யாரும் பட்டினி போடவில்லை. தங்களுக்கு எது உயர்ந்த உணவோ அதைத்தான் ஊட்டினார்கள். சாவு வந்ததும் அந்த வழியாகத்தான்.

எழுநூறு ஆண்டுக்கு முந்தைய இந்தச் செய்தியை இன்று எடுத்துப் பேசக் காரணம் உண்டு. ஆசைப்பட்டுக் குதிரை வாங்குகிறவர்கள் நம் ஊர்களில் கூடிவருகிறார்கள். வாங்குகிற பலருக்கு வீட்டில் இடமில்லை. மாதக் கட்டணம் கொடுத்துச் சிறு லாயங்களில் விட்டுவைக்கிறார்கள். கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்றான அரியூர் நாடு போன்ற இடத்தில் நாலைந்து குதிரைகளோடு அப்படியொரு லாயம் அமைவதாக வைத்துக்கொள்வோம். அந்த மலையை ஆண்ட ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்று சிறுபாணாற்றுப்படை சொல்வதால், பெயர்ப்பலகைக்குப் பஞ்சமிருக்காது. ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரம், குளிர்ந்த காற்று, புல், தண்ணீர் எல்லாம் உண்டு. ஆனால் அங்கே குதிரை பிழைப்பதும் கெடுவதும் கட்டடத்தையும் தீவனத் தொட்டியையும் பொறுத்தவை அல்ல. நாளில் எத்தனை மணி நேரம் அது நடந்தபடி புல்லை மெல்கிறது என்பதே முதல் கேள்வி. மற்ற எல்லாப் பாதுகாப்பும் அதற்குப் பின்னால்தான் என்பது என் வாதம்.

குதிரையின் உடலே இதற்குச் சாட்சி. அவ்வளவு பெரிய பிராணிக்கு இரைப்பை வெறும் பத்துப் பதினைந்து லிட்டர்தான். அதில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மென்றால்தான் ஊறும். மேய்ச்சல் நிலத்தில் விட்ட குதிரை நாளில் 16 மணி நேரம் வரை மேய்வது பேராசையால் அல்ல, வயிறு அப்படி அமைந்திருப்பதால். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்று கொள்ளும் தவிடும் வைத்தால் சிறிது நேரத்தில் தின்று முடித்துவிடும். மிச்சப் பொழுதெல்லாம் வெறும் வயிற்றில் அமிலம் அரிக்கும். சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். வாயு அடைத்தாலும் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலியால் புரண்டு சாகிற குதிரைகளின் கதையும், குளம்பு அழற்சி கண்டு முன்னங்காலை ஊன்ற முடியாமல் நிற்கிற குதிரைகளின் கதையும் பல வேளைகளில் இங்கேதான் தொடங்குகின்றன. 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 கிலோ உலர்ந்த புல் வேண்டும்; பச்சைப் புல்லானால் 30 கிலோ. இந்தக் கணக்கைத் தீர்த்த பிறகுதான் தானியத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

‘கொள்ளு தின்றுதானே அந்தக் காலத்துக் குதிரையெல்லாம் ஓடியது?’ என்று கேட்பார்கள். ஓடியது, உண்மைதான். ஜட்கா வண்டியில் பூட்டிய குதிரை காலையிலிருந்து இருட்டும்வரை ஊரைச் சுற்றியது. தின்ற கொள்ளுக்கு உழைத்துக் கணக்குத் தீர்த்தது. வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் சவாரி, மற்ற நாளெல்லாம் நிற்பு என்றிருக்கும் குதிரைக்கு அதே கொள்ளை அளப்பது வஸ்ஸாஃப் சொன்ன நாற்பது நாளை ஆண்டு முழுதும் நீட்டுவதுதான். ஆனால் கட்டணம் கட்டுகிறவர் வந்து பார்க்கும்போது முதுகு பளபளக்க வேண்டும், விலா தெரியக் கூடாது என்று எதிர்பார்க்கிறார்; லாயக்காரரும் அதற்குப் பணிகிறார். விலா கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் கைக்குத் தட்டுப்படுவதே நல்ல உடல்நிலை. இதைக் குதிரையை ஏற்றுக்கொள்ளும் முதல் நாளே உரிமையாளருக்குச் சொல்லிவிடுவது நல்லது.

புல் என்றதும் மாட்டுக்கு வளர்க்கும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்தான் பலருக்கு நினைவு வரும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அந்த வகைப் புல்லில் ஆக்சலேட் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு நுண்ணுயிர்கள் மிகுந்த இடம் பெருங்குடல்; சுண்ணாம்பு உறிஞ்சப்படுவதோ அதற்கு முன்னால் சிறுகுடலில். ஆகவே மாட்டுக்கு ஒத்துக்கொள்ளும் புல் குதிரையின் எலும்பைக் கரைக்கும். கூடவே பாஸ்பரஸ் மிகுந்த தவிட்டையும் கொட்டினால் குறை இரட்டிக்கும். முகத்து எலும்பு வீங்கி, கால் நொண்டும். மலையில் சாமை, கேழ்வரகு, தினை விளைவதால் வைக்கோல் கிடைக்கும். அதிலும் தினைத் தட்டையை மட்டுமே நெடுநாள் தின்ற குதிரைகளுக்குச் சிறுநீரகமும் மூட்டும் கெட்டதை அமெரிக்கப் பண்ணைகளில் கண்டிருக்கிறார்கள். பல வகைப் புல்லைக் கலந்து போட்டு, சுண்ணாம்புச் சத்து நிறைந்த குதிரைமசாலை அளவோடு சேர்ப்பது இதற்கு வழி. அந்தப் பயிருக்குத் தமிழில் வாய்த்த பெயரைப் பாருங்கள்.

அவிழ்த்துவிட்டால் ஒன்றையொன்று உதைத்துக்கொள்ளும், பிறர் சொத்துக்கு யார் பதில் சொல்வது என்பது லாயக்காரரின் நியாயமான பயம். நம் பக்கத்தில் பலர் ஆண் குதிரையைக் காயடிக்காமல் வைத்திருப்பதால் பயம் இன்னும் கூடும். இதற்குத் தீர்வு கட்டுத்தறி ஆகாது. புதிதாக வரும் குதிரையை மூன்று வாரமாவது தனியே வைக்க வேண்டும். இது சண்டைக்காக மட்டுமல்ல. ஈக்கள் பரப்பும் சர்ரா, மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் போன்ற நோய்களுக்கு ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வர அந்த அவகாசம் வேண்டும். கிளாண்டர்ஸ், கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்பு குறித்த 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். பிறகு வேலிக்கு இருபுறமும் சில நாள் விட்டு, பின்னங்கால் லாடத்தைக் கழற்றிவிட்டு, குணம் ஒத்துப்போகிறவற்றைச் சேர்க்கலாம். ஒத்துப்போகாத ஆண் குதிரைக்குத் தனி வளாகம் போதும், பக்கத்துக் குதிரை கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் சரி. வேலி மட்டும் முள்கம்பியாக இருக்கவே கூடாது; மிரண்ட குதிரை அதில் பாய்ந்தால் சதை கிழியும். மிளகுக் கொடி ஏறும் சில்வர் ஓக் மரங்கள் மலையில் எங்கும் நிற்கின்றன. வேலிக் கழிக்கு அலைய வேண்டியதில்லை. இவ்வளவு செய்தும் சிராய்ப்பும் கடிகாயமும் வரத்தான் செய்யும். ஆறவைக்கக்கூடிய காயத்துக்கு அஞ்சி, தீராத வயிற்றுவலிக்கு வழிவிடுவது கணக்கிலும் நட்டம்.

நிலம் போதாது என்பார்கள். அப்படியானால் குதிரையைக் குறைக்க வேண்டும். சிறு லாயம் தன் வரம்பைத் தாண்டி ஆறாவது, ஏழாவது குதிரையை ஏற்கும் நாளில்தான் எல்லாம் கெடுகிறது. ஒரு குதிரை நாளுக்குப் பத்துப் பதினைந்து கிலோ சாணம் போடும். ஒரே ஆள் எத்தனை குதிரைக்கு அதை அள்ளி, 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் காட்டி, நாலு குளம்பையும் தூக்கிப் பார்க்க முடியும்? மலையின் மழைக்காலத்தில் ஈரத்திலேயே நிற்கும் குளம்பின் அடிப்பகுதி அழுகும். தினமும் சுரண்டிப் பார்க்காவிட்டால் நாற்றம் வந்த பிறகே தெரியும். லாடம் அடிப்பவரை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை கீழேயிருந்து வரவழைக்க வேண்டும்; அந்தச் செலவைக் கட்டணத்தில் சேர்க்காத லாயம் அதைத் தள்ளிப்போடும். ஆட்களின் பாதுகாப்பும் இதோடு பிணைந்தது. நாளெல்லாம் நின்று கொழுத்த குதிரை அவிழ்த்ததும் துள்ளும், பின்னால் நிற்பவரை உதைக்கும். தனக்கு நேர் பின்னால் இருப்பதை அது பார்க்க முடியாது. குரல் கொடுத்துத் தோள் பக்கமாக நெருங்குவது, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் பிடிப்பது, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுப் போடுவது, சவாரிக்குத் தலைக்கவசம் போடுவது ஆகிய நான்கையும் எழுதித் தொங்கவிடுவதைவிட, மேய்ந்து களைத்த குதிரை பெரிய காவல்.

மலை என்பதால் இன்னொன்று. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இயங்குகிறது. 1962 என்ற எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியும் உண்டு. ஆனால் காரவள்ளிப் பாதையில் இறங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வலியில் விழுந்து புரளும் குதிரையை அந்த வளைவுகளில் வண்டியில் இறக்குவது எளிதல்ல. அதற்குமுன் அது வண்டியில் ஏற வேண்டும். ஆகவே ஓய்வில் இருக்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை என்பதை ஒவ்வொரு வேலையாளும் அறிந்து, தாடையடியில் விரல் வைத்து எண்ணப் பழகியிருக்க வேண்டும். தீனியை ஒதுக்கினாலோ, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, தரையைக் காலால் பறித்தாலோ உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். மூங்கில் குழாயால் எண்ணெயோ கஷாயமோ வாயில் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். டெட்டனஸ் தடுப்பூசித் தேதி சுவரில் இருக்க வேண்டும். ஆணி குத்திய ஒரு குளம்பு போதும், குதிரை போய்விடும். நடு இரவில் உரிமையாளர் தொலைபேசியை எடுக்காவிட்டால் சிகிச்சைக்கு யார் சம்மதம் சொல்வது, எவ்வளவு வரை செலவழிக்கலாம், பிழைக்காது என்று மருத்துவர் சொன்னால் கருணைக்கொலைக்கு யார் ஒப்புவது ஆகியவற்றைக் குதிரை லாயத்துக்கு வரும் அன்றே காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மாதம் ஒருமுறை, நோய் ஏதும் இல்லாத நாளில், நிறுத்தியிருக்கும் வண்டியின் பலகையில் குதிரையை ஏற்றி, ஒரு பிடி புல் கொடுத்து, இறக்கிவிட வேண்டும்.