கட்டைக்கு ஒரு எக்ஸ்ரே

ஒரு மரக்கட்டையோட அடர்த்தியை எப்படிக் கண்டுபிடிப்பீங்க? எடை போட்டு, நீளம் அகலம் உயரம் அளந்து, எடையைக் கன அளவால வகுத்துடுவீங்க. விடை சரிதான். ஆனா அது சராசரி மட்டும்தான்.

குளிர்நாட்டு பைன் மரத்தோட ஒரு ஆண்டு வளையத்தை எடுத்துக்கோங்க. வசந்தத்தில் வளர்ந்த பகுதி வெளிர் நிறம். செல்கள் பெருசு, செல் சுவர் மெல்லிசு. கோடை முடிவில் வளர்ந்தது கருத்த நிறம். செல்கள் சிறுசு, சுவர் தடிமன். ஓரிரு மில்லிமீட்டருக்குள்ளேயே அடர்த்தி ரெண்டு மூணு மடங்கு மாறிடும். இது தராசுக்குத் தெரியாது. 1960-களில் பிரான்சின் நான்சி நகரில் உபேர் போல்ஜ் என்ற ஆய்வாளர் இதுக்கு எக்ஸ்ரேவைப் பயன்படுத்தும் முறையை வளர்த்தெடுத்தார்.

அடிப்படை நமக்குத் தெரிஞ்ச பியர்-லாம்பர்ட் விதிதான். மரத்துண்டில் ஓரிடத்தில் 50% கதிர் வெளியே வருது, பக்கத்தில் 25% வருதுன்னு வைங்க. ரெண்டு இடத்திலும் தடிமன் ஒண்ணுதான். ரெண்டாவது இடம் எத்தனை மடங்கு அடர்த்தி? பாதி, அந்தப் பாதியில் பாதி. அதனால சரியா 2 மடங்கு. கதிர் எக்ஸ்பொனென்ஷியலா குறையுது. லாக் எடுத்தா அடர்த்தி நேர்கோட்டில் வந்துடும்.

இங்கதான் கவனிக்கணும். எக்ஸ்ரே நேரடியா அடர்த்தியை அளக்கலை. கதிரோட பாதையில் மொத்தம் எவ்வளவு பொருள் இருக்குன்னுதான் சொல்லுது. அதை அடர்த்தியா மாத்துறது நம்ம வேலை. அதுக்குச் சில நிபந்தனைகள் இருக்கு:

தடிமன்: சுமார் 1 மி.மீ. துண்டு, எல்லா இடத்திலும் ஒரே அளவு. 10% தடிமன் கூடினா அடர்த்தியும் 10% கூடின மாதிரி காட்டும்.

ஈரம், பிசின்: ரெண்டும் கதிரை உறிஞ்சும். அதனால பிசினைக் கரைச்சு எடுத்துட்டு, ஈரப்பதத்தை ஒரே அளவில் நிறுத்தணும்.

கதிரின் ஆற்றல்: எலும்பில் கால்சியம் இருக்கு, மரத்தில் பெரும்பாலும் கார்பன், ஆக்சிஜன், ஹைட்ரஜன்தான். ஆற்றல் கூடினா கதிர் மரத்தைக் கண்டுக்காமலே கடந்து போயிடும். குறைந்த ஆற்றல்தான் வேலைக்கு ஆகும்.

ஒப்பீடு: அடர்த்தியும் தடிமனும் தெரிந்த ஒரு படிக்கட்டு வடிவத் துண்டைப் பக்கத்திலேயே வச்சுப் படம் எடுக்கணும். அதோட ஒப்பிட்டுத்தான் எண் கிடைக்கும்.

சரி, இவ்வளவு மெனக்கெடுவது எதுக்கு? மரத்தின் வலிமையைக் கணிக்கிறது ஒரு பயன். இன்னொண்ணு பழைய கோடைகளின் வெப்பநிலை. வடக்கே குளிர்ப் பிரதேசங்களில் கோடை வெதுவெதுப்பா இருந்தா, அந்த வருஷ வளையத்தின் கடைசிப் பகுதியில் செல் சுவர் நல்லா தடிக்கும். குளிரா இருந்தா மெல்லிசாவே நின்னுடும். அதனால ஒவ்வொரு வளையத்திலும் உச்ச அடர்த்தி எவ்வளவுன்னு பார்த்தா, அந்தக் கோடை எப்படி இருந்துச்சுன்னு சொல்லலாம்.

1600-இல் பெரு நாட்டில் வாய்னாபுட்டினா எரிமலை வெடித்தது. கீத் பிரிஃபா குழுவினர் வடபகுதிக் காடுகளின் வளைய அடர்த்திகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 600 ஆண்டுகளில் மிகக் குளிரான கோடையாக 1601 தெரிந்தது. தெர்மோமீட்டர் பதிவுகளே இல்லாத காலம் அது. அந்தத் தகவல் இருந்த இடம், ஒரு மெல்லிய வளையத்தின் கடைசி விளிம்பு. முழுக் கட்டையையும் தராசில் வச்சு சராசரி எடுத்திருந்தா, 1601 அதில் கரைஞ்சே போயிருக்கும்.