வாயுப் பரவலும் வேரின் மூச்சும்

மழைநீர் சில நாட்கள் வயலில் தேங்கி நின்றால் துவரைப் பயிர் மஞ்சளித்து வாடிவிடுகிறது. அடுத்த வயலில் நீர் நிறைந்திருக்க, நெற்பயிரோ செழித்து நிற்கிறது. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது என்று விவசாயிகள் வினவுவதுண்டு. பரவல் எனப்படும் நிகழ்ச்சியை அறிந்தாலன்றி இதற்குத் தக்க விடை கூற இயலாது.

வாயுக்களிலும் திரவங்களிலும் உள்ள மூலக்கூறுகள் ஓயாது அலைந்து ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கின்றன. அதனால் ஒரு பொருள், செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கித் தானாகவே பரவுகிறது. இதற்குரிய கணித விதியை ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் பிக் 1855 ஆம் ஆண்டில் வகுத்தளித்தார். கடக்கவேண்டிய தூரம் இரு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். தூரம் பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகும் என்பது அவ்விதியிலிருந்து பெறப்படுவது.

இதன் விளைவு வியப்புக்குரியது. அசையாத நீரில் பிராணவாயு, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை, அதாவது ஏறக்குறைய ஓர் உயிரணுவின் அகலத்தை, விநாடியின் சிறு பகுதியிலேயே கடந்துவிடும். ஒரு மில்லிமீட்டரைக் கடக்கச் சுமார் 4 நிமிடங்களும், ஒரு சென்டிமீட்டருக்கு 7 மணி நேரமும், ஒரு மீட்டருக்கு 8 ஆண்டுகளும் வேண்டும்! அமீபாவுக்கு இருதயம் தேவைப்படாததும் நமக்குத் தேவைப்படுவதும் இதனாலேயே. நம் உடலிலும் இரத்தம் சுமந்து செல்வது நெடுந்தூரத்திற்கு மட்டுமே. நுரையீரலின் காற்றறைச் சுவரையும், தந்துகிக்கும் உயிரணுவுக்கும் இடையேயுள்ள சிறு இடைவெளியையும் பிராணவாயு பரவலாலேயே கடக்கிறது.

இனி வயலுக்கு வருவோம். பிராணவாயு நீரில் பரவுவதைக் காட்டிலும் காற்றில் சுமார் 10,000 மடங்கு விரைவாகப் பரவுகிறது. மண் துகள்களின் இடைவெளிகளில் காற்று உள்ளவரை வேருக்குக் குறையில்லை. அங்கு நீர் நிரம்பிவிட்டாலோ வரவு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. எஞ்சியிருப்பதை மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் வேரும் விரைவில் தீர்த்துவிடுகின்றன. துவரையின் வேர் மூச்சுத் திணறுகிறது. நெல்லின் இலையிலிருந்து தண்டு வழியாக வேர் வரை காற்றிடைவெளிகள் தொடர்ந்து செல்வதால், மேலே புகுந்த பிராணவாயு நீரில் இறங்காமல் காற்றின் வழியாகவே கீழே சென்று சேர்கிறது. ஆகவே துவரை வயலில் வடிகால் வெட்டுவது நீரை வெளியேற்றுவது மட்டுமன்று. வேருக்குக் காற்றுவழி திறப்பதுமாகும். விவசாயிகளிடம் இவ்வாறே எடுத்துரைக்கலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். தண்ணீரில் மைத்துளி இட்டுப் பரவலைக் காட்டுவது பள்ளிகளில் வழக்கம். அங்கு நாம் காண்பது பெரும்பாலும் நீரின் சுழற்சியே. அதற்குப் பதிலாக, காய்ச்சிய அகர் கூழைக் கண்ணாடிக் குழாயில் உறையவிட்டு, அதன்மேல் அடர்ந்த மயில்துத்தக் கரைசலைச் சிறிது ஊற்றுக. நீலநிறம் இறங்கிய தூரத்தை 1 மணி நேரம் கழித்தும் 4 மணி நேரம் கழித்தும் மாணவர்களே அளக்கட்டும். இரண்டாவது அளவு முதலாவதைப்போல் நான்கு மடங்கன்று, ஏறத்தாழ இரு மடங்கே இருக்கும்.