நன்றி கார்டு வீட்டிலேயே அச்சடிக்கப் போறீங்களா? முதல்ல பேப்பரைக் கவனிங்க!

காதுகுத்து முடிந்துவிட்டது. மொய் எழுதியவர்கள், பந்தி பரிமாறியவர்கள், இரண்டு நாள் முன்னாடியே வந்து காய் நறுக்கியவர்கள் என்று நன்றி சொல்ல ஒரு பட்டியலே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் கும்பிடும் கை எமோஜி அனுப்பினால் ஒரு நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் குழந்தையின் படம் போட்ட ஒரு கார்டில், கைப்பட நாலு வரி எழுதி அனுப்பினால், அது பலர் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும். அதனால்தான் வீட்டு பிரிண்டரிலேயே கார்டு அடிக்கலாமே என்று பலரும் இறங்குகிறார்கள்.

சிக்கல் கடையில் ஆரம்பிக்கிறது. "அண்ணே, கார்டு அடிக்கணும். நல்லா திக்கா, பளபளன்னு ஒரு பேப்பர் குடுங்க" என்று கேட்டு வாங்கி வருவோம். பிரிண்டர் அதை இழுக்காது. இழுத்தாலும் மை ஈஷிக்கொள்ளும். அதிலும் தப்பித்தால், உள்ளே பேனா எழுதாது. கார்டுக்கு உயிரே கையால் எழுதும் அந்த நாலு வரிதான். அதற்கு இடம் கொடுக்காத பேப்பர் எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ஆக, பேப்பர் வாங்கும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் போதும். வீட்டில் இருப்பது என்ன பிரிண்டர்? கார்டை மடிக்கப் போகிறோமா? எந்தப் பேனாவால் எழுதப் போகிறோம்?

ஜிஎஸ்எம் என்பது என்ன?

ஒரு சதுர மீட்டர் பேப்பரின் எடை எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். ஜெராக்ஸ் கடையில் ஓடும் சாதாரணத் தாள் 70 அல்லது 75 ஜிஎஸ்எம். கார்டுக்கு விற்கும் தாள்கள் பெரும்பாலும் 160 முதல் 300 வரை இருக்கும்.

உதிரியாக வாங்கும் தாளில் இந்த எண் அச்சாகி இருக்காது. அதைக் கண்டுபிடிக்க சமையலறைத் தராசே போதும். 16 ஏ4 தாள்கள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 10 ஏ4 தாள்களை எடை போட்டு, வரும் கிராமை 1.6 ஆல் பெருக்குங்க. 125 கிராம் வந்தால் அது 200 ஜிஎஸ்எம்.

இங்க்ஜெட்டா, லேசரா?

இங்க்ஜெட் பிரிண்டர் திரவ மையைத் தெளிக்கிறது. அந்த மையைப் பேப்பர் உறிஞ்ச வேண்டும். கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் 'ஆர்ட் கார்டு' பத்திரிகை அச்சடிக்கும் ஆஃப்செட் இயந்திரத்துக்காகச் செய்தது. அதன் வழவழப்பான பூச்சு இங்க்ஜெட் மையை உள்ளே விடாது. ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டாலும் விரலோடு வரும். எனவே கடையில் "இங்க்ஜெட் மேட் பேப்பர்" என்றே கேளுங்க.

அதற்காக மிகவும் மெல்லிய சாதாரணத் தாளுக்கும் போக வேண்டாம். அதில் மை பக்கவாட்டில் பரவும். சின்ன எழுத்தில் அச்சடித்தால் 'ண'வின் மூன்று சுழியும் 'ன'வின் இரண்டு சுழியும் அடைபட்டு, எது எது என்றே தெரியாமல் போகும்.

லேசர் பிரிண்டர் கதையே வேறு. அது டோனர் பொடியைச் சூட்டால் உருக்கித் தாளில் ஒட்டுகிறது. அந்த உருளையின் சூடு 150 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இங்க்ஜெட்டுக்கான போட்டோ பேப்பரை அதில் விட்டால் பூச்சு உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மெக்கானிக்கைத்தான் கூப்பிடணும். லேசருக்கு வழவழப்பான, பூச்சில்லாத கார்டுத் தாள் நல்லது. சொரசொரப்பான தாளில் பள்ளங்களில் டோனர் சரியாகப் பிடிக்காது.

இன்னொன்று, பிரிண்டரின் கொள்ளளவு. பல வீட்டு லேசர் பிரிண்டர்கள் 160 ஜிஎஸ்எம் அளவோடு நின்றுவிடும். முன்பக்கத் தட்டிலிருந்து தாள் எடுக்கும் இங்க்ஜெட்டில் தாள் அரைவட்டமாக வளைந்துதான் வெளியே வரும். கனமான கார்டு அங்கே சிக்கும். பின்பக்கமாகத் தாள் வைக்கும் மாடல் என்றால் கொஞ்சம் தைரியமாகப் போகலாம். பிரிண்டரோடு வந்த கையேட்டில் இந்த எண் இருக்கும். கடைக்குப் போகும் முன் பார்த்துவிடுங்க.

பளபளப்பா, மேட்டா?

கிளாஸி போட்டோ பேப்பரில் படம் பளிச்சென்று வரும், உண்மைதான். ஆனால் அதன் மேல் ஜெல் பேனாவும் இங்க் பேனாவும் காயாது, பால் பாயிண்ட் வழுக்கும். மடித்தால் மடிப்பில் பூச்சு வெடித்து வெள்ளைக்கோடு தெரியும்.

இதற்கு நல்ல வழி, ஒரு பக்கம் மட்டும் பூச்சுள்ள மேட் பேப்பர். பூச்சுள்ள பக்கம் வெளியே, படத்துக்கு. பூச்சில்லாத பக்கம் உள்ளே, பேனாவுக்கு. எது எந்தப் பக்கம் என்று குழப்பமா? லேசாக ஈரப்படுத்திய விரலால் மூலையில் தொடுங்க. எந்தப் பக்கம் விரலில் ஒட்டுகிற மாதிரி இருக்கிறதோ அதுதான் பூச்சுள்ள பக்கம்.

மடிப்பில் என்ன இருக்கிறது?

மடிக்கும் கார்டுக்கு 160 முதல் 220 ஜிஎஸ்எம் போதும். மடிக்காத ஒற்றை அட்டை என்றால், பிரிண்டர் தாங்கினால், 250க்கு மேலும் போகலாம்.

பேப்பருக்கும் மரம் மாதிரி இழை உண்டு. இழையோடு மடித்தால் வழுவழுவென்று மடியும். குறுக்கே மடித்தால் முதுகு வெடிக்கும். தாளை நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை லேசாக வளைத்துப் பாருங்க. எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, அதுதான் இழையோடு வளையும் வாட்டம்.

ஏ4 தாள்களில் பெரும்பாலும் இழை நீளவாக்கில் ஓடும். அதனால் முழுத் தாளை இரண்டாக மடிப்பதைவிட, முதலில் குறுக்கே வெட்டி இரண்டு ஏ5 ஆக்கி, ஒவ்வொன்றையும் பாதியாக மடிப்பது நல்லது. மடிப்பு இழையோடு போகும். ஒரு தாளில் இரண்டு கார்டும் கிடைக்கும். 105க்கு 148 மில்லிமீட்டர் அளவுள்ள இந்தக் கார்டு சி6 உறையில் கச்சிதமாக உட்காரும். 200 ஜிஎஸ்எம் தாளில் செய்தால் ஒரு கார்டின் எடை சுமார் 6 கிராம்தான்.

மடிக்கும் முன் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால் பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்தி இழுங்க. மடிப்பு நேராக வரும். மடிப்பு விழும் இடத்தில் அடர்நிறப் பின்னணி வேண்டாம். லேசரில் அச்சடித்தால் டோனர் அங்கேதான் முதலில் உதிரும்.

கைத்தாள் ஆசை இருந்தால்?

பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யும் கைத்தாள் கையில் வாங்கினாலே ஒரு சந்தோஷம். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் இதற்குப் பேர் போனது. ஆனால் பூ இதழ் பதித்த தாளையும், ஓரம் பிசிறான தாளையும் பிரிண்டரில் விட வேண்டாம். நார் உதிர்ந்து உள்ளே அடைக்கும். படத்தைத் தனியாக மேட் பேப்பரில் அச்சடித்து வெட்டி, கைத்தாளின் மேல் ஒட்டுங்க. பேனாவுக்கு முழுக் கைத்தாளும் மிச்சம்.

மொத்தமாக அடிக்கும் முன்

50 கார்டு வேண்டுமென்றால் 25 தாள் போதும் என்று கணக்குப் போடாதீங்க. சோதனைக்கும் சேர்த்து 30 வாங்குங்க. பிரிண்ட் கொடுக்கும்போது பேப்பர் வகையை 'பிளெயின்' என்று விட்டுவிடாமல் 'மேட்' என்று மாற்றுங்க. எவ்வளவு மை விட வேண்டும் என்று பிரிண்டர் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. மிச்சத் தாளைக் கவரோடு படுக்கை வாட்டத்தில் வையுங்க. மழைக்காலத்தில் வெளியே கிடந்தால் சுருண்டுவிடும்.

முதல் கார்டு வந்ததும் பத்து நிமிடம் காய விடுங்க. அப்புறம் விரலால் தேய்த்துப் பாருங்க, மடித்துப் பாருங்க, உங்கள் பேனாவால் உள்ளே ஒரு வரி எழுதிப் பாருங்க. மூன்றிலும் தேறினால் மொத்தத்தையும் அடிக்கலாம். வீட்டு பிரிண்டர் கனமான தாளைத் தாங்காது என்று தெரிந்தால் வருத்தப்பட வேண்டியதில்லை. பெரிய கலர் லேசர் இயந்திரம் வைத்திருக்கும் டிஜிட்டல் பிரிண்ட் கடையில் கோப்பைக் கொடுத்தால், 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டிலேயே அடித்துத் தருவார்கள். அங்கேயும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க: "உள்பக்கம் பேனாவால எழுதணும், வழவழப்பு வேணாம்."